முதுகைத் திருப்பிப் படித்தவன்

1

நேற்று சிவராத்திரி. கொழும்பில் அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, காற்று இந்தப் பக்கம் அடித்தால் கோயிலிலிருந்து கேட்கும் நாதசுரம். மற்றொன்று, என் மருமகள் காலையில் தேநீருக்குப் பதிலாகப் பால் கொண்டுவந்து வைப்பது. என் மகனிடம் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வங்கிக்கு விடுமுறை இல்லை, ஆகவே அது பெரிய பண்டிகையாக இருக்க முடியாது என்று தீர்மானித்துவிடுவான். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தியவனின் பிள்ளை வேறெப்படி யோசிப்பான்?

போன வருஷம் சிவராத்திரிக்கு மறுநாள் காலையில், நான் திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முடித்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

புத்தகம் இரவல். வாசகசாலையில் எடுத்தது. வடதுருவத்துக் கடலில் ஒரு கப்பல் பனிக்கட்டிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அதிலிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை. அருப்புக்கோட்டைப் பக்கத்து வெயிலுக்குப் போகிறவன் கையில் பனிக்கட்டியைப் பற்றிய புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் என் கண். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் அறுத்து எடுப்பதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு எவ்வளவு தெரியும் என்று கேட்டதற்கு டாக்டர், "பார்ப்போம்" என்றார். அரசாங்க அலுவலகத்தில் "பார்ப்போம்" என்று எத்தனை மனுக்களின் மேல் நானே எழுதியிருக்கிறேன் என்பதால் அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆகவே, நான் படிக்கப்போகிற கடைசிப் புத்தகம் இதுவாகவே இருக்கலாம். மனைவி போனபிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சுத்துணை புத்தகம். அந்தக் கப்பல் கரை சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டுதான் கத்திக்குக் கண்ணைக் கொடுப்பது என்று வைராக்கியம்.

விளக்கு வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. பகல் வேண்டும். அதுவும் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவேண்டும், முகத்துக்கு நேரே வந்தால் எல்லாம் வெண்ணிறப் புகையாகிவிடும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

2

எங்கள் குலசாமி கோயில் என்பது ஆற்றங்கரையில் ஒரு மேடை, நான்கு கல், ஒரு வேல். வீடோ சத்திரமோ பக்கத்தில் கிடையாது. சாமியைக் கும்பிட வேண்டுமானால் வண்டி கட்டிக்கொண்டு போய் வறண்ட ஆற்று மணலில் மூன்று நாள் தங்க வேண்டும். வண்டிக்கு அடியில் பாய், கூண்டுக்குள் பெண்கள், மணலைத் தோண்டி ஊற்று, மூன்று கல்லில் அடுப்பு. ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் போட்ட சண்டைக் காலத்தில் மழையும் இல்லை, அரிசியும் இல்லை. அதனால் பல வருஷம் கும்பிடு நடக்கவில்லை. சண்டை முடிந்து முதன்முதலாகக் கூடுகிறோம், நீ வந்தே ஆகவேண்டும் என்று அக்கா ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தாள்.

அக்கா பேச்சியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பாளையம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமியிடம் பொங்கப்பானை கிடையாது. ஆனால் வராமல் இருக்கவும் மாட்டார்கள்.

மகனைக் கூப்பிட்டேன். "அப்பா, மணல்ல மூணு நாளா? லீவுக்கு என்ன காரணம் எழுதுறது?" என்றான். நியாயமான கேள்வி. குலசாமி என்று ஒரு காரணம் எந்த விடுமுறை விதியிலும் இல்லை. நானே தேடிப்பார்த்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் இருவரும் வீட்டுச் சிங்கள ஆயாவிடமிருந்து கற்றுக்கொண்டபடி என்னைத் தாத்தா என்னாமல் "சீயா" என்று அழைப்பவர்கள். கப்பல் என்றதும் ஆசைப்பட்டார்கள், மாட்டுவண்டி என்றதும் அதைவிட ஆசைப்பட்டார்கள், பள்ளிக்கூடம் என்றதும் விஷயம் முடிந்துவிட்டது. நான் மட்டும் கிளம்பினேன். அம்மை குத்திய சான்று, திரும்பி வருவதற்கான அனுமதி, அதன் நகல் ஒன்று. ராமேசுவரம் பக்கம் இறங்கி, ரயில் ஏறி, மதுரையிலிருந்து ஊருக்குப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் இன்னும் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த பஸ். அது ஒவ்வொரு மேட்டிலும் நின்று யோசித்தது.

ஆற்று மணலில் வந்து இறங்கியபோது எங்கள் ஆட்களில் ஒருவன் மட்டும் கூடாரம் அடித்திருந்தான். அக்காவின் மகன் ராமு. பட்டாளத்திலிருந்து திரும்பியவன், ஏலத்தில் விட்ட பட்டாளத்துக் கூடாரம் ஒன்றை எடுத்து வந்திருந்தான். அதற்குள் யாரும் தூங்கவில்லை. அடுப்பை மூட்டிவிட்டது மாதிரி இருக்கும் என்றார்கள். பெரியவர்கள் அதற்குள் பூசணிக்காய்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

முதல் நாள் முழுக்கப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். கையில் புத்தகம் இருப்பவன் சும்மா இருப்பவன் என்பது எங்கள் ஆட்களின் உறுதியான கருத்து.

"மாமா, சும்மாதான இருக்கீக. பட்டாளத்துல குடுக்க வேண்டிய பாக்கிக்கு ஒரு மனு எழுதணும்" என்று ராமு வந்தான். எழுதினேன். மூன்றாவது பத்தியில் எந்த விதியைச் சொன்னால் அவர்கள் பதில் எழுதியே ஆகவேண்டுமோ அதையும் சேர்த்தேன்.

அவன் போனதும் இன்னொருவர். ரேஷன் அட்டையில் பேர் விட்டுப்போயிருக்கிறது. அதற்கப்புறம் ஒருவர், மகனைக் கொழும்பில் ஏதாவது வேலையில் சேர்த்துவிட முடியுமா என்று. இப்போது அங்கே புது ஆட்களை விடுவதில்லை என்றேன். "நீங்க விடச் சொன்னா விடமாட்டாகளா?" என்றார். என்னையே இன்னும் அங்கே வைத்துக்கொள்வார்களா என்பது எனக்கு நிச்சயமில்லை என்று சொல்லவில்லை. நகைச்சுவை என்று சிரித்திருப்பார்.

நடுவில் ஒரு பெண்மணி தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் எனக்கு என்ன முறை என்று இன்றுவரை தெரியாது. குழந்தை பனிக்கட்டி அத்தியாயத்தின் மூலையைத் தின்றது.

3

மறுநாள் இரவு முழுதும் கண்விழித்துக் கும்பிட்டார்கள். விடிந்ததும் பொங்கல். அதற்கு ஏகப்பட்ட வேலை இருக்கும், எல்லோரும் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், யாரும் மனு எழுதச் சொல்ல மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டிகளைத் தாண்டி மேற்கே, தனியாக நின்ற உடைமரத்துக்குப் போனேன். கோயிலும் கூட்டமும் கிழக்கே. சூரியனும் கிழக்கே. வெளிச்சம் தோளுக்கு மேலாகப் பக்கத்தின் மீது விழுகிற மாதிரி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

கப்பல்காரர்கள் பனியைக் கோடரியால் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பக்கம் ஓடியது. பின்னால் செருப்புச் சத்தம். வேலுச்சாமி. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி.

"அண்ணே."

"என்ன வேலு?"

"உக்காந்துட்டீக."

"ஆமா, உக்காந்திருக்கேன்."

"இம்புட்டுத் தூரத்துலயா?"

"இங்கதான் வெளிச்சம் பின்னாலருந்து நல்லா விழுது. படிக்கணும்."

அவன் புத்தகத்தைப் பார்த்தான். திருட்டுச் சாமானைப் பார்க்கிற போலீஸ்காரன் பார்வை. "படிக்கிறீக. சரி." கொஞ்ச நேரம் காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தான். "அந்தக் கருவமரத்தப் பத்தித்தான?"

"எந்தக் கருவமரம்?"

"இப்படிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கம்மாக்கரையில ஒங்க பங்குல நின்னதுதான். இல்லேங்கல. சண்ட நேரத்துல பஸ்ஸுக்குக் கரி போடுறவன் வந்து கெஞ்சுனான். வெட்டிக் குடுத்துட்டேன். ஒரு வார்த்த ஒங்ககிட்டக் கேட்டுருக்கணும். ஒங்க மரம்தான்."

கண்மாய்க் கரையில் எனக்கு மரம் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். வந்த வழியில் அதன்மேல்தான் பயணம் செய்து வந்திருக்கிறேன் போலும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல வேலு. எனக்கு யார் மேலயும் கோபமில்ல" என்றேன்.

"கோபமில்லாதவுக எதுக்கு இப்படி உக்காரணும்?" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். நான் படிப்பைத் தொடர்ந்தேன். ஒரு பித்துக்குளித்தனமான பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்தவர் கருத்தபாண்டி அண்ணன். பெரியப்பா மகன், எங்கள் கூட்டத்தில் மூத்தவர். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அவர் யாருக்காகவும் துண்டை எடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு எதிரே வந்து மணலில் உட்கார்ந்தார். இப்போது என் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"ஏப்பா, மரம் இல்லைன்னு வேலு சொன்னான். அப்ப நான்தான்."

"அண்ணே, நீங்க என்ன பண்ணுனீக?"

"வாய் விட்டுச் சொல்லணுமாக்கும்." அவர் என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார். "ஒம் மகன் கல்யாணத்துக்கு நாங்க யாரும் வரல. கப்பல் சீட்டுக் கெடைக்கலைன்னு சொல்லிவிட்டோம். சீட்டெல்லாம் கெடச்சுச்சு. யாழ்ப்பாணத்துப் பொண்ணு, என்ன ஆளு என்ன பேருன்னு தெரியாது, போகவேணாம்னு நான்தான் சொன்னேன். என் சொல்ல யாரும் மீறல. தப்பு எம் மேலதான்."

எனக்கு அந்தக் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டார் பக்கம் பந்தல் நிறைந்திருந்தது. எங்கள் பக்கம் என் அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் நால்வர். ஊரிலிருந்து ஏன் ஒருவரும் வரவில்லை என்று சம்பந்தி கேட்டபோது, அந்தச் சமயத்தில் பயண அனுமதி பெறுவதில் இருந்த சிக்கலை நான் அவருக்கு விவரமாக எடுத்துச் சொன்னேன். எந்தப் படிவம், யார் கையெழுத்து, எந்த மேசையில் தேங்கும் என்பது உட்பட. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இப்போதுதான் தோன்றுகிறது, அவர் நம்பியிருக்க மாட்டார்.

"அது முடிஞ்சுபோன கதை அண்ணே" என்றேன். "நான் அதுக்காக உக்காரல. புஸ்தகம் படிக்கத்தான் உக்காந்தேன்."

அண்ணன் அப்போதுதான் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

"அட இவனே. ஒனக்கு மொற தெரியாதா?" என்று, பயம் போன சந்தோஷத்தில் விளக்கினார். இத்தனை வருஷமாக ஊரிலிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது அது. கும்பிட்டுக்கு வந்த இடத்தில் பங்காளிகள் சத்தம் போட்டுச் சண்டை போடக்கூடாது. மனக்குறை உள்ளவன் பாயை எடுத்துக்கொண்டு தனி மரத்தடிக்குப் போய்ச் சாமிக்கும் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டி உட்காருவான். குறை என்ன என்று அவன் சொல்ல மாட்டான். மற்றவர்கள்தாம் ஒவ்வொருவராக வந்து, தங்கள் மனசில் உறுத்துவதைச் சொல்ல வேண்டும். சரியானது வந்ததும் அவன் எழுந்திருப்பான். அதுவரை பானை ஏறாது.

ஏறவும் முடியாது. எங்கள் கூட்டத்தில் ஐந்து வகையறா, ஐந்து கிளை. சாமி விளக்கிலிருந்து எடுக்கிற தீ மூத்த வகையறா அடுப்புக்கு முதலில் போகும். அந்த அடுப்பிலிருந்து இரண்டாம் வகையறா அடுப்புக்கு, அதிலிருந்து மூன்றாம் வகையறாவுக்கு. கொடுப்பதும் வாங்குவதும் அந்தந்த வகையறா ஆண்பிள்ளை கையால்தான். மூன்றாம் வகையறாவில் என் மகனை விட்டால் நான் ஒருவன். எனக்கு அடுத்த அடுப்பு வேலுவுடையது. அவனுக்குப் பின்னால் இன்னொன்று. இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்க, மூன்று அடுப்பு குளிர்ந்து கிடந்தது. இரவெல்லாம் கண்விழித்த ஜனங்கள், பிள்ளைகள், எல்லோரும் பட்டினியாக என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கடல் கடந்து சரக்கு ஏற்றுமதி இறக்குமதிக்கான அத்தனை விதிகளையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவன் நான். சொந்தக் குடும்பத்து விதி ஒன்று எனக்குத் தெரியவில்லை. சிறுபிள்ளையாக இருந்தபோது பார்த்த கும்பிடுகளில் யாரும் மரத்தடியில் உட்கார்ந்த நினைவில்லை. பதினைந்து வயதில் படிக்கப் போனவன், பிறகு வேலைக்குப் போனவன்.

"வா, எந்திரி. பிள்ளைக பசியில கெடக்கு" என்றார் அண்ணன்.

"இதோ வாரேன் அண்ணே. இன்னும் பத்து வரிதான். இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வந்துர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டு எழுந்து போனார். எல்லோரிடமும் சொல்வதற்கு அவருக்கு நல்ல கதை கிடைத்துவிட்டது.

4

ஊரில் இதைப் படிக்கிற உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியை என் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு எழுத்து தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அண்ணன் வண்டிகள் பக்கம் போய்ச் சேருவதற்குள், மறுபக்கத்து மேட்டு வழியாக அக்கா வந்துவிட்டாள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எனக்கு ஐந்து வரி மிச்சமிருந்தது. விரலை வரியில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

அக்கா உட்காரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நீ எதுக்கு உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாது. யார் ஒனக்குச் சொன்னா?"

"எத?"

"ஆத்தா விசயத்த."

ஆத்தா சண்டைக் காலத்தில் இறந்தாள். பந்தல்குடியிலிருந்து மிளகாய் வியாபாரத்துக்குக் கொழும்பு வந்த ஒருவர் மூலம், அவள் போய் ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். என் மனைவிக்கு நோய் முற்றியபோதுகூட, என் தாயைப் போலப் போகக் கொடுத்துவைக்கவில்லையே இவளுக்கு என்று நினைத்திருக்கிறேன்.

"அவ தூக்கத்துல போகல தம்பி" என்றாள் அக்கா. "கெணத்தடியில விழுந்துட்டா. இடுப்பு போச்சு. மொளகாப்பழம் எடுக்க ஆரம்பிச்சப்ப படுத்தவ, எடுத்து முடிச்சு வத்தல் காயப்போட்ட பிறகும் கெடந்தா. ரோட்டுல பஸ்ஸு சத்தம் கேட்டா, 'வந்துட்டானா பாரு'ம்பா. நாளைக்கு ரெண்டு பஸ்ஸு. ரெண்டுக்கும் கேப்பா."

அக்கா மரத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிவிடணும்னுதான் நான் சொன்னேன். கடல்ல குண்டு போடுறான், கப்பல் ஏறுனா பிள்ளையும் போயிரும்னு பெரியவுகெல்லாம் சொன்னாக. ஆத்தாகிட்டயே கேட்டேன். 'வேணாம்டி, வரும்போது ஏதாச்சும் ஆயிட்டா நான் எப்படிச் சாவேன்'னு சொல்லிட்டா. சரின்னு விட்டேன். மறுநாளு பஸ்ஸு சத்தம் கேட்டதும் மறுபடியும், 'வந்துட்டானா'ங்கிறா. நான் அவ எந்தப் பேச்சக் கேக்குறது? சொல்லு. எந்தப் பேச்சக் கேக்குறது?"

துறைமுக அலுவலகத்தில், தாயார் உடல்நலக்குறைவு என்று விடுமுறை கேட்டு வருகிற விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். சண்டைக் காலத்திலும் வந்தன. இரண்டு தாள். ஒன்றில் அதிகாரி கையெழுத்து, இன்னொன்றில் பயண அனுமதிக்கான பரிந்துரை. அன்றைக்கே கையெழுத்தாகிவிடும், நானே எடுத்துக்கொண்டுபோய் வாங்குவேன். எத்தனையோ பேரை அந்த இரண்டு தாளோடு அவரவர் தாயிடம் அனுப்பி வைத்திருக்கிறேன். சிலர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்து எனக்குக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதில் அவளுக்கு முகத்தில் வியர்வையும் கண்ணீரும் ஒரே வழியில் இறங்கின.

"யாரு சொன்னா ஒனக்கு? வேலுவா?"

இங்கே நான் ஒன்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை அக்கா, நான் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஐந்து வரி மிச்சம் என்று. அது உண்மை. கையில் சாட்சியாகப் புத்தகமும் இருந்தது. அப்படிச் சொன்னால், இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததை ஒரு தேவையும் இல்லாமல் தன் கையாலேயே என் முன் திறந்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அவள் எப்படி ஊருக்குத் திரும்புவாள்?

"யாரோ சொன்னாக அக்கா" என்றேன். "பேர் எதுக்கு? நீ சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன். சொல்லிட்ட. போதும்."

"மனசுல வச்சுக்காத."

"வைக்கல."

"வச்சுருக்கேன்னா இப்பவே என்னய நாலு வார்த்த கேட்டுரு. நான் வாங்கிக்கிடுறேன்."

"ஒண்ணுமில்ல அக்கா. எந்திரிக்கிறேன் பாரு."

எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்கால் மரத்துப்போயிருந்தது. அவள்தான் கை கொடுத்தாள்.

5

நான் கிழக்கே திரும்பியதும் கூட்டம் முழுவதும் ஒரு மூச்சு விட்டதுபோல இருந்தது. அண்ணன் அதற்குள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தார் போலும், சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் என்னோடு அக்கா வருவதையும், அவள் முகத்தையும் பார்த்தவுடன் சிரிப்பு நின்றது. அண்ணனும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். படிக்கத்தான் உட்கார்ந்தேன் என்று நான் சொன்னது, பெரியவரான தன்னை மரியாதையாகத் தப்பவிட்ட வார்த்தை என்று முடிவுசெய்துவிட்டார். பிறகு அவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் அடுப்பிலிருந்து பருத்திச்செடிக் குச்சியில் தீ வந்தது. வாங்கினேன். என் அடுப்பில் வைத்தேன். காய்ந்த பனையோலை, உடனே பிடித்துக்கொண்டது. என் அடுப்பிலிருந்து இன்னொரு குச்சியில் எடுத்து வேலுவிடம் நீட்டினேன். வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கருவமரம் அவன் மனசில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் என் காதருகே, "அடுத்த கும்பிட்டுக்கு ஒம் மகனக் கூட்டிட்டு வா. மூணாம் அடுப்பு அணைஞ்சிறக் கூடாது" என்றார். சரி என்றேன். அந்த நிமிஷத்தில் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஒரு மரியாதை நடந்தது. மனக்குறையைத் தின்று செரித்துவிட்டு எழுந்து வந்தவனுக்கு என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார்கள். ராமு கூடாரத்திலிருந்த பூசணிக்காய்களை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பக்கத் துணியையும் சுருட்டிக் கட்டி, காற்று வருகிற மாதிரி செய்தான். ஒரு கயிற்றுக் கட்டில் எங்கிருந்தோ வந்தது. வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும் என்று நான் சொன்னதை வேலு நினைவில் வைத்திருந்தான். கட்டிலை அதற்கேற்பத் திருப்பிப் போட்டான்.

"மாமா, இனி ஒரு பய ஒங்ககிட்ட வரமாட்டான். படிங்க" என்றான் ராமு.

உண்மையாகவே யாரும் வரவில்லை. ரேஷன் அட்டைக்காரர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கத்திய பிள்ளைகளை, "தாத்தா படிக்கிறாக, அந்தாண்ட போங்க" என்று விரட்டினார்கள். மாட்டின் கழுத்து மணிக்குள்கூட யாரோ வைக்கோலைத் திணித்தார்கள்.

புத்தகத்தைத் திறந்தேன். விட்ட இடத்தில் ஐந்து வரி இருந்தது. அவை தமிழா இங்கிலீஷா என்றுகூடத் தெரியவில்லை. அருப்புக்கோட்டை ரோடு அங்கிருந்து வெகுதூரம். பஸ் சத்தம் கேட்க வழியில்லை. இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஊற்றுப் பக்கத்தில் பானை கழுவிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவள் மறுபடியும் கழுவத் தொடங்கினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு பக்கம் திருப்பினேன். அந்தச் சாயங்காலம் முழுவதும் இப்படியே, ஒருவன் படித்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு, ஒரு பக்கம் விடாமல் திருப்பிக்கொண்டே வந்தேன். வெயில் சாயும் வேளையில் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. அட்டையை மூடினேன்.

அக்கா ஈரக்கையோடு வந்தாள். "முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"ராமு சொன்னான், ஏதோ கப்பல் கதைன்னு. கடல்ல மாட்டிக்கிச்சாமே. என்ன ஆச்சு?"

"கரை சேந்துருச்சு அக்கா."

"எல்லாரும் வந்துட்டாகளா?"

"எல்லாரும் வந்துட்டாக."

"நல்லது" என்றாள். நிம்மதியாகப் போனாள்.

6

கண் அறுவை நன்றாகவே நடந்தது. சோடாப் புட்டி அடிப்பாகத்தைப் போலக் கண்ணாடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் படிக்க முடிகிறது. புத்தகத்தை வாசகசாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூலை போனதற்கு விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். மறுபடியும் எடுக்கவில்லை. கப்பல் கரை சேர்ந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வகையறாவைப் பொறுத்தவரை சேர்ந்துவிட்டது.

ஆத்தாவைப் பற்றி என் மகனிடம் சொல்ல நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். "அப்பாயி தூங்கும்போது போனாங்கன்னுதானே சொல்வீங்க?" என்றான், செய்தித்தாளைத் தாழ்த்தாமல். ஆமாம் என்றேன். அவனாவது அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளட்டும்.

இந்த நாட்டில் எங்களைப் போன்ற இந்தியக்காரர்கள் யார், எவர் என்பதற்குக் குடியுரிமைச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு. எந்தக் காகிதங்கள் கேட்பார்கள் என்று ஊகித்து இப்போதே ஒரு கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் வந்து யோசனை கேட்கிறார்கள். சொல்லி அனுப்புகிறேன். அவர்கள் போனபிறகு படிக்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. காலை முழுவதும் இருக்கிறது. பகல் முழுவதும் இருக்கிறது.

என் அறைக் கதவைத் திறந்தால் சமையலறை தெரியும். இன்று காலை, மகன் வங்கிக்குப் போனபிறகு, நான் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். புதுக் கண்ணாடிக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். அப்படித் திருப்ப வேண்டிய அவசியம் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்கு முழு முதுகையும் காட்டி உட்கார்ந்தேன். மடியில் ஒரு புத்தகம்.

பின்னால் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. அடுப்புப் பிடித்துக்கொண்டது. பாத்திரம் ஏறியது. அரிசி கொதிக்கிற வாசனை வந்தது.

பேரன் சீயா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தான். வாசற்படி வரை அவன் காலடி கேட்டது.

"உள்ள போகாதேங்கோ. தாத்தா வாசிக்கிறார். குழப்பக் கூடாது" என்றாள் என் மருமகள்.

நல்ல பெண். பிறகு அவளே வந்து, எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.